மாவு அரைத்த கிடார்

கோயம்புத்தூர் கணபதியில், லேத் பட்டறைகளும் மாவுக்கடையும் மோட்டார் வைண்டிங் கடைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற சின்னப்பட்டறை வீதியில், கரண்ட் ஒரு மணி நேரம் வருவதும் இரண்டு மணி நேரம் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த வருஷத்தில், வைண்டிங் கடை சென்னியப்பனின் மகள் கோகிலவாணி தன்னுடைய கிடாரை ஆம்ப்ளிஃபையரில் செருகி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியதும் வீதி முழுக்கக் கரண்ட் வந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கரண்ட் வந்தால் வந்தது, போனால் போனது என்று பழகிப்போன ஜனம் அது. ஆனால் அவள் கையை எடுத்ததும் போய், மறுபடி தட்டியதும் வந்து, மறுபடி கையை எடுத்ததும் போய், இப்படி மூன்று தரம் ஆனபோது, எதிர்வரிசையில் இட்லி மாவு அரைத்து விற்கிற மயிலாத்தாளுக்குத்தான் முதலில் விளங்கியது. முழங்கை வரை உளுந்துமாவோடு அவள் வீதியைக் கடந்து வந்து கடை வாசலில் நின்றாள்.

"ஏங்கண்ணு, அந்தக் கம்பிய உடாம தட்டீட்டே இரு. உளுந்து பாதி அரவையில நிக்குது, இப்புடியே உட்டா ஆட்டுக்கல்லுலதான் போட்டு இழுக்கோணும்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. கோகிலவாணியும் கேட்டுக்கொள்ளவில்லை, முக்கால் மணி நேரம் தட்டினாள், உளுந்து பூப்போலப் பொங்கியது. காரணம் வேண்டுமென்றால் இதுதான்: பழைய கிடார் ஒன்றை வாங்கியவள், அதன் வயிற்றில் சத்தத்தைப் பிடிக்கிற கம்பிச் சுருள் கருகிப்போயிருக்கக் கண்டு, அப்பாவின் மேசையிலேயே உட்கார்ந்து புதிதாகச் சுற்றினாள், அன்றைக்கு மேசையில் கிடந்தது தேர்த்திருவிழாவுக்கு விளக்கெரிக்கிற டைனமோவுக்கு வாங்கி வைத்த கம்பி, மோட்டார் சுற்றிப் பழகிய கை, அப்பாவோடு பேசிய சுவாரஸ்யத்தில் அதை எடுத்து டைனமோவுக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றிவிட்டது. வைண்டிங் கடைக்காரர்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. அதைத் தப்பு என்று சொல்ல அந்த வீதியில் பிற்பாடு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒரே வாரத்தில் வீதி அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டது. காலை கரண்ட் போகிற நேரத்தில் தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஒரு பாட்டு, பகலில் லேத் ஓட ஒரு பாட்டு, சாயங்காலம் மாவுக்கு இரண்டு பாட்டு. உளுந்துக்கு நிதானமானது, அரிசிக்கு வேகமானது. அவள் வைத்த பெயர்களை யாரும் சொல்லவில்லை, தொட்டிப் பாட்டு, அரிசிப் பாட்டு, இஸ்திரிப் பாட்டு என்றுதான் சொன்னார்கள். நாலாவது வீட்டு மருமகள் ஜன்னல் வழியாக, "கோகிலா, சீரியல் போட்டுட்டாங்க, கொஞ்சம் வெசையா வாசி, படம் ஆடுது" என்று குரல் கொடுப்பாள். கரண்ட் ஆபீஸிலிருந்து லைன்மேன் ஆறுச்சாமி ஒரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கிடார் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். மீட்டர் பின்பக்கமாகச் சுற்றியது. அவர் அதைக் கழற்றி, தூசி தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு, "இது நம்ம புஸ்தகத்துல இல்லீங்க அம்மணி" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு தன் போனை சார்ஜில் போட்டுவிட்டுத் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் கோகிலவாணிக்கு ஒரு குறை இருந்தது, அதைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களோ என்று சொல்லாமலே வைத்திருந்தாள். அவள் வாசிப்பதை ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் தட்டியதும் கிரைண்டர் உருளும், லேத் கீச்சிடும், மிக்ஸி அலறும், நாலு வீட்டு டிவி நாலு கதை சொல்லும். வீதிக்குக் கொடுத்தது போக மிச்சம் மீதிதான் ஆம்ப்ளிஃபையருக்கு, அதிலிருந்து வருகிற சத்தம் கொசு மாதிரி முனகிவிட்டு அடங்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கே அது பாட்டா பல்லிச் சத்தமா என்று தெரியாது.

அவள் சொந்தமாக ஒரு பாட்டு செய்திருந்தாள். பெயர் 'ஏழரை ஹெச்பி'. அப்பா சாயங்காலம் கடைசி வேலையாக ஏழரை ஹெச்பி மோட்டார் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்து, ஸ்விட்சை அணைத்து, அது சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நிற்கிற வரைக்கும் காதை அதன்மேல் வைத்துக் கேட்பார்; பேரிங் நல்லதா கெட்டதா என்பது ஓடும்போது தெரியாது, ஓய்கிறபோதுதான் தெரியும் என்பார். நின்றதும் நிமிர்ந்து, "ஓஞ்சுது. டீ குடிக்கலாம்" என்பார். பாவாடை கட்டிய வயசிலிருந்து அவள் கேட்ட அந்த ஓய்வுதான் பாட்டின் கடைசிப் பகுதி: பதினோரு சுரம், ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் தள்ளித் தள்ளி விழும், பதினொன்றாவதுக்கு அப்புறம் ஒன்றுமே இருக்காது, அந்த ஒன்றுமில்லாததும் பாட்டில் சேர்த்திதான். அதை ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் கேட்க வாசித்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் அந்தப் பதினோரு சுரத்துக்கு வந்தால் கரண்ட் தாழ்ந்துவிடும், மோட்டார்கள் முக்கும், விளக்கு மினுக்கும்.

"அந்த எடம் வேண்டாஞ்சாமி" என்று மயிலாத்தாள் முதல் வாரமே சொல்லிவிட்டாள். "அங்க வந்தா கல்லு நின்னுக்குது. அத உட்டுட்டு முன்னாடியவே திருப்பி வாசி."

"சரீங்க்கா" என்றாள் கோகிலவாணி. கிரைண்டர் மூச்சு விடாமல் உருண்டது.

வீதியில் கேட்காததை மேடையில் கேட்பார்கள் என்று அவள் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தாள். முதல் குழுவின் பெயர் 'செவ்வாய் தோஷம்'. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அந்த நாலு பேருக்கும் கடைசிவரை உறைக்கவில்லை. பாடகன் நவநீதன், தொண்டை கிழியக் கத்துவான், மற்றபடி ஈ எறும்புக்குத் தீங்கு நினையாதவன். ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் அவர்கள் மேடையேறிய அதே நொடியில் கரண்ட் போயிற்று, கோகிலவாணி தட்டினாள், கல்லூரி முழுக்க வெளிச்சம் பாய்ந்தது, பாப்கார்ன் மெஷின் பொரிந்தது, விடுதியில் நூறு மின்விசிறி சுழன்றது, பிள்ளைகள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அவள் கண் கலங்கிப் போனாள். பிறகுதான் கவனித்தாள், அவர்கள் பார்த்தது விளக்கை. பதினோரு சுரத்துக்கு வந்தபோது மினுக்கிய விளக்கைப் பார்த்து "ஏஏஏய்" என்று ஊளையிட்டார்கள், நவநீதன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோகி, நம்ம குழுவுக்கே செவ்வாய் தோஷம், இதுல உன் ஏழரையும் சேர்ந்தா வெளங்கீரும். கடைசிய உட்ரு, என்ன?"

விட்டுவிட்டாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை கிடாரோடு வந்து நின்றபோது வாசிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தவன் அவன். ஓசூரில் வேலை கிடைத்து அவன் போனதும் குழு கலைந்தது.

அடுத்து 'உருக்கு'. வார்ப்படப் பட்டறைக்காரர்கள் ஆறு பேர், வேலை முடிந்து கரியைக்கூடக் கழுவாமல் ஹெவி மெட்டல் வாசிப்பார்கள், அவர்களைவிட அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்கள் உலகத்தில் இல்லை. டிரம்ஸ் அடிக்கிற ஜோதிமணி ஏழடி உயரம், அவன் அடித்தால் பக்கத்துப் பட்டறை ஓடு உதிரும். ஒத்திகை பட்டறையிலேயே நடந்தது, அவள் வாசிக்க வாசிக்க உலை ஊதியது, இரும்பு இளகியது, அதனால் அவளால் எட்டு மாசம் வேகத்தைக் குறைக்கவே முடியவில்லை. குறைத்தால் இரும்பு பாதியில் உறைந்து போகும். விரல் நுனியில் தோல் உரிந்து, அதன்மேல் தோல் வளர்ந்து, கடைசியில் காய்த்தே போயிற்று. அவள் கிளம்புகிறேன் என்று சொன்ன அன்றைக்கு ஜோதிமணி சிறுபிள்ளை மாதிரி அழுதான். அவள் ஊற்றிய கரண்டில் உருகிய இரும்பிலேயே, அவள் கால் அளவுக்கு ஒரு மிதிகட்டை வார்த்துக் கையில் கொடுத்தான். "இதுமேல கால வெச்சு வாசி அம்முணி, நாங்க கீழ இருக்கோம்னு நெனச்சுக்க" என்றான். அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனாலும் அதற்கப்புறம் அது இல்லாமல் அவள் எந்த மேடையிலும் நின்றதில்லை.

பிறகு ஒரு பெரிய ஹோட்டலில், கோட்டுப் போட்ட ஏழு பெரியவர்கள் பழைய ஆங்கிலப் பாட்டுகளை வாசிக்கிற குழு. அவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள், ஏசியை அவள் கிடாரோடு இணைத்திருந்தது அங்கேதான். சாப்பிட வந்தவர்கள் குளிர் அதிகம் என்றால் சர்வர் வந்து காதோடு காதாக, "மேடம், கொஞ்சம் மெதுவா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அங்கே ஒரு வருஷம் இருந்தாள். வாழ்க்கையில் அவளை மெதுவாக வாசிக்கச் சொன்ன முதல் மனிதர் அவர்தான், அவருக்கு அது தெரியாது. பதினோரு சுரத்தையும் எவ்வளவு தள்ளி வைக்கலாம், எவ்வளவு நேரம் கைகட்டிக் காத்திருக்கலாம் என்பதை அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவள் பழகினாள்.

அங்கே சாப்பிட வந்த ஒருவர் மூலமாகத்தான் பெங்களூர் வாய்ப்பு வந்தது. நாடெல்லாம் சுற்றுகிற பெரிய குழு, தலைவி ரோஷெல், தலையைப் பாதி மழித்தவள், வெடுக்கென்று பேசினாலும் நியாயமானவள். அங்கே கரண்ட் போகவில்லை. போகாத கரண்டோடு கோகிலவாணியின் கரண்டும் சேர்ந்தபோது, முதல் மேடையிலேயே எழுபது விளக்கும் பட்டாசு மாதிரி வரிசையாக வெடித்தன.

ரோஷெல் அவளைத் தனியாக அழைத்து உட்காரவைத்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், "கோகி, உன் கை தங்கம். ஆனா அந்தச் சுருள மாத்து. கடையில விக்கிறத போடு. எல்லாரும் உன் வாசிப்பக் கேப்பாங்க. நான் சத்தியம் பண்றேன்" என்றாள்.

கோகிலவாணி மாற்றிப் பார்த்தாள். அதை மறைப்பானேன், ஆசை இருந்தது, மாற்றினாள். சத்தம் கணீரென்று வந்தது, ரோஷெல் கைதட்டினாள், முதன்முதலாக அறையில் ஒருவர் அவள் வாசிப்பதைக் கேட்டுக் கைதட்டினார். ஆனால் பதினோரு சுரத்தை வாசித்தபோது அவளுக்கே அது வேறு யாரோ அவள் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. சுரம் சரி, இடைவெளி சரி, ஆனால் ஓய்ந்து நிற்பதற்கு அதில் முதலில் எதுவுமே ஓடவில்லை. சாயங்காலமே பழைய சுருளை எடுத்து மாட்டினாள். ரோஷெல் எழுந்து வந்து அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, இரும்பு மிதிகட்டையைத் திட்டிக்கொண்டே, ரயில் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள்.

வீதிக்குத் திரும்பினால், அங்கேயும் கரண்ட் போவது நின்றுபோயிருந்தது. கிரைண்டர் தன்பாட்டுக்கு உருண்டது, தொட்டி தன்பாட்டுக்கு நிரம்பியது. ஒருத்தருக்கும் தன்னால் இனி உபயோகமில்லை என்று அவள் நினைத்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டார் சுற்ற ஆரம்பித்தாள். கிடார் ஆணியில் தொங்கியது.

ஆயுத பூஜை வந்தது. அந்த வீதிக்கு அதுதான் பெரிய நாள். லேத்துகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு ஓட்டுகிற வரைக்கும் யாரும் எந்த மெஷினையும் தொடமாட்டார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சின்னப்பட்டறை வீதியில் காக்கா கத்துவது கேட்கும். சென்னியப்பன் கிடாரையும் இறக்கி, ஏழரை ஹெச்பி மோட்டாருக்குப் பக்கத்தில் சாய்த்து, பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தியும் போட்டார். வருஷா வருஷம் அப்படித்தான். பொரி வாங்க வந்த மயிலாத்தாள் அந்தக் கிடாரைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏங்கண்ணு, இத்தன வருசம் எங்களுக்கு வாசிச்சயே, நீ என்ன வாசிச்சேன்னு எனக்குத் தெரியாதே" என்றாள்.

கோகிலவாணி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யாருக்குமே தெரியாதுங்க்கா. நான் வாசிச்சா உங்க கல்லு ஓடும். கல்லு ஓடாத நாளு இன்னிக்கு ஒண்ணுதான். இன்னிக்கு இதும் பூஜையில இருக்குது."

இத்தனை வருஷமாகத் தான் கேட்டது தன் கிரைண்டரை மட்டும்தான் என்பது மயிலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது, அது அவள் முகத்தில் தெரிந்தது. பொரியை வாங்காமலே போனாள். வீடு வீடாகப் போனாள், பட்டறை பட்டறையாகப் போனாள். என்ன சொன்னாள் என்று கோகிலவாணிக்குக் கேட்கவில்லை, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் தலையைச் சொறிவதும், பிறகு ஆட்டுவதும் மட்டும் தெரிந்தது.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்தது. மெஷின் ஓட்ட நல்ல நேரம் ஒன்பது மணி. ஒன்பதுக்கு வீதியே கடைவாசலில் நின்றது.

"மொதல்ல கெளம்புறது கோகிலாவோடது" என்றாள் மயிலாத்தாள். "அது முடியற வரைக்கும் மத்ததெல்லாம் சும்மா கெடக்கோணும். எல்லாரும் மெயின எறக்கியாச்சா?"

எறக்கியாச்சு, எறக்கியாச்சு என்று குரல்கள் வந்தன. லேத் பட்டறைகள், மாவுக்கடை, நாலாவது வீடு, எல்லாரும் அவரவர் மெயின் ஸ்விட்சை அவரவர் கையால் இறக்கியிருந்தார்கள். பக்கத்து வீதியில் குடியிருக்கிற ஆறுச்சாமிகூடத் தன் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார். "எனக்குப் பழக்கந்தானுங்க" என்றார்.

"அக்கா, உங்களுக்கு இன்னிக்கு மாவு..." என்றாள் கோகிலவாணி.

"மாவு கெடக்குது. நீ வாசி."

கோகிலவாணிக்குப் பெங்களூரில் வெடித்த விளக்குகள் நினைவுக்கு வந்தன. போக இடமில்லாத கரண்ட் என்ன செய்யுமோ. ஜோதிமணி வார்த்துக் கொடுத்த இரும்பின்மேல் காலை வைத்து ஊன்றிக்கொண்டாள். கிடாரின் கழுத்திலிருந்த சாமந்தியை அவள் எடுக்கவில்லை. தட்டினாள்.

ஒரு கல்லும் உருளவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. அத்தனை வருஷமாக வீதிக்கும் கல்லூரிக்கும் உலைக்கும் ஏசிக்கும் போய்க்கொண்டிருந்ததெல்லாம் மொத்தமாக அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் போயிற்று, அங்கிருந்து வெளியே வந்த சத்தத்தைக் கேட்டு முதல் வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள், பின்வரிசையில் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். அதில் நவநீதனின் தொண்டை இருந்தது, உலையின் மூச்சு இருந்தது, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வருஷம் இருந்தது. எங்கேயோ விட்டுவந்தோம் என்று அவள் நினைத்திருந்த குழுக்கள் எல்லாம் அவள் விரலிலேயே இருந்திருக்கின்றன, அவளுக்கு அதற்காக எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது, கை வேலையாக இருந்ததால் கும்பிடவில்லை. நின்றிருந்தவர்கள் கையில் மயிர் கூச்செறிந்து நின்றது. அதற்கப்புறம் ஒரு வாரம், அந்த வீதிக்காரர்கள் ஒருவரையொருவர் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடித்தது, அதற்காக யாரும் தொடாமல் இருக்கவில்லை.

பதினோரு சுரத்துக்கு வந்தாள். கை தானாகத் தயங்கியது, யாராவது ஊளையிடுவார்கள், யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்று ஒரு கணம் காத்தது. ஒருவரும் வரவில்லை. ஒன்று விழுந்தது. இரண்டு. தள்ளி மூன்று. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு காக்கா கத்தி முடித்தது. பதினொன்று விழுந்தது, சுற்றியது, தேய்ந்தது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை முப்பது வீட்டு ஜனம் வாயைத் திறக்காமல் நின்று கேட்டது.

கடைக்கு உள்ளே, மோட்டாரின்மேல் காதை வைக்கிற மாதிரியே தலையைச் சாய்த்து நின்றிருந்த சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"ஓஞ்சுது" என்றார். பேரிங் நல்ல பேரிங் என்று சொல்கிற முகம் அது. டீ குடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒருத்தரும் மெயினைப் போடப் போகவில்லை. நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்திவிட்டு, வீதியைக் கடந்து, கிடாரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கண்ணு" என்றாள். "அந்தக் கடைசி எடம் இருக்குதல்லோ. அதை மட்டும் இன்னொருக்கா வாசி சாமி."

கோகிலவாணி வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை. அன்றைக்குச் சின்னப்பட்டறை வீதியில் மாவு அரைபடவில்லை, ஊறவைத்த உளுந்து ஊறியபடியே கிடந்தது. எல்லார் வீட்டிலும் உப்புமாதான், ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.